"ஒருத்தர்கூட சொல்லலையே" என்கிறார் அந்த அப்பா

கேள்வி: மேல்நிலைப் பள்ளியில் 11ஆம் வகுப்புக்கு வகுப்பாசிரியை நான். வகுப்பில் 42 பிள்ளைகள். மதிப்பெண், வருகை, தேர்வு விதிகள் எல்லாவற்றையும் பள்ளிச் செயலியில் ஏற்றுகிறோம், வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போடுகிறோம், சுற்றறிக்கையும் கொடுத்தனுப்புகிறோம். ஆனாலும் அரையாண்டு முடிந்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு அப்பா எல்லோர் முன்னாலும் எழுந்து, "என் பையன் 23 நாள் வரலைன்னு இன்னைக்குத்தான் தெரியுது. ஒருத்தர்கூட சொல்லலையே" என்று சத்தம் போட்டார். நாங்கள் அனுப்பியதற்கெல்லாம் பதிவு இருக்கிறது. அதைக் காட்டினேன், அவருக்கு இன்னும் கோபம் வந்தது. இதற்கு மேல் நாங்கள் என்னதான் செய்வது? பிள்ளைகளோ, "நாங்க என்ன சின்னக் குழந்தைகளா, எதற்கெடுத்தாலும் வீட்டுக்குச் சொல்றீங்க?" என்கிறார்கள்.

– ஒரு வகுப்பாசிரியை

பதில்:

அன்புள்ள ஆசிரியைக்கு,

பதிவைக் காட்டியிருக்க வேண்டாம். உங்கள்மேல் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. தலைமையாசிரியராக இருந்தபோது நானும் இதையே செய்தேன். ஓர் அம்மா வந்து, மகள் கணக்கில் தவறியது தனக்குத் தெரியவே தெரியாது என்றார். எந்தத் தேதியில் என்ன அனுப்பினோம் என்று வரிசையாக வாசித்துக் காட்டினேன். அவர் எதுவும் பேசாமல் தன் போனை எடுத்து என் முன்னால் வைத்தார். வகுப்புக் குழுவில் படிக்காத செய்திகள் மட்டும் 312. மேலே தள்ளிக்கொண்டே போனேன். ஒரு பிறந்தநாள் வாழ்த்து, அதற்கு முப்பது கைதட்டல்கள், பிறகு என் அறிவிப்பு, உடனே கீழே, "நீல நிற தண்ணீர் பாட்டில் யாருக்காவது கிடைத்ததா?" நான் அனுப்பியது உண்மை. அவருக்குத் தெரியாது என்பதும் உண்மை. அன்றைக்குப் பிறகு "அனுப்பிவிட்டோம்" என்ற சொல்லை எங்கள் ஆசிரியர் அறையில் யார் சொன்னாலும், "யார் படித்தார்கள்?" என்று கேட்பேன். எல்லோருக்கும் எரிச்சல்தான். ஆனாலும் கேட்டேன்.

முதலில் தொலைபேசி எண்களைச் சரிபாருங்கள். சாதாரண வேலையாகத் தெரியும், ஆனால் பாதிச் சிக்கல் இங்கேதான் இருக்கும். வருகை குறைந்த ஒன்பது பிள்ளைகளின் வீட்டுக்கு ஒருநாள் நானே கூப்பிட்டேன். இரண்டு எண்கள் உபயோகத்திலேயே இல்லை. ஒன்று, சேர்க்கை அன்று கூட வந்த மாமாவுடையது. அவருக்கு அந்தப் பையன் எந்த வகுப்பு என்றே தெரியவில்லை. இன்னொன்றை எடுத்தவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, குரலைக் கனமாக்கி, "ஆமாங்க, அப்பாதான் பேசறேன்" என்றார். அப்பா இல்லை, சாட்சாத் அந்தப் பையனேதான்! சேர்க்கைப் படிவத்தை வீட்டில் நிரப்பியது அவன். எண்ணை எழுதியதும் அவன். "உங்கள் மகன் இன்று வரவில்லை" என்ற குறுஞ்செய்தி மூன்று மாதமாக மகனுக்கே போய்க்கொண்டிருந்திருக்கிறது. எண்ணை வாங்கினால் பள்ளியிலிருந்து உடனே ஒரு முறை அடித்துப் பார்த்து, யார் எடுக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். மாணவர் மூலமாக வாங்காமல் பெற்றோரிடமே வாங்குங்கள். ஆண்டுக்கு இரண்டு முறை இதைச் செய்தாலே போதும்.

அப்புறம், குழு. விடுமுறை, கூட்டம், தேர்வு அட்டவணை மாதிரி எல்லோருக்கும் பொதுவானவற்றுக்குக் குழு சரி. ஒரு பிள்ளையைப் பற்றிய செய்திக்குக் குழு சரிப்படாது. "வருகை குறைவாக உள்ள மாணவர்களின் பெற்றோர் கவனிக்கவும்" என்று போட்டால், கவனிக்க வேண்டிய பெற்றோர் அது வேறு யாரோ ஒரு பிள்ளையைப் பற்றியது என்று நினைத்துக்கொள்வார். தங்கள் பிள்ளை எத்தனை நாள் விட்டிருக்கிறது என்று கேட்டால் பெரும்பாலான பெற்றோர் குறைத்துத்தான் சொல்வார்கள். பொய் சொல்வதில்லை, இங்கே ஒரு நாள், அங்கே ஒரு நாள் என்று போவதை யாரும் மனதில் கூட்டிக்கொண்டே வருவதில்லை. இதைத் தாண்டிப் போய், பெயர்களோடு பட்டியல் போடும் வகுப்பாசிரியர்களையும் பார்த்திருக்கிறேன். அதைத் தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு பிள்ளையின் மதிப்பெண் அந்த வீட்டைத் தவிர வேறு யாருக்கும் உரியதல்ல.

இதைப் பற்றி நன்றாக நடத்தப்பட்ட ஓர் ஆய்வு உண்டு. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரப் பள்ளிகளில் 28,080 குடும்பங்களை எடுத்துக்கொண்டார்கள். 2018இல் முடிவு வெளியானது. பிள்ளை இதுவரை மொத்தம் எத்தனை நாள் வரவில்லை என்று சில குடும்பங்களுக்கு ஆண்டில் சில முறை தபாலில் கடிதம் போனது. அவ்வளவுதான். அளவுக்கு மிஞ்சி விடுப்பு எடுப்பவர்களின் எண்ணிக்கை பத்து சதவீதம், அதற்கும் மேல் குறைந்தது. எனக்குப் பிடித்த விஷயம் இன்னொன்று. வகுப்பிலுள்ள மற்ற பிள்ளைகளோடு ஒப்பிட்டு எழுதிய கடிதமும் போனது; அந்த ஒப்பீட்டால் கூடுதலாக எந்தப் பலனும் கிடைக்கவில்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாமல் நம்மால் ஒரு வாக்கியம் பேச முடியாது என்பதால் இதைச் சொல்கிறேன்.

வருகையைச் சதவீதத்தில் சொல்லாதீர்கள், நாள் கணக்கில் சொல்லுங்கள். பரீட்சையில் 77 வாங்கினால் நல்ல மதிப்பெண்தானே? பெற்றோரின் காதில் வருகைச் சதவீதமும் அப்படித்தான் விழுகிறது. உங்கள் பள்ளியில் 200 வேலைநாள் என்றும், இறுதித் தேர்வு எழுத 75 சதவீதம் வேண்டும் என்றும் வைத்துக்கொள்வோம். அரையாண்டில் 100 நாள் போயிருக்கும். அதில் 23 நாள் வராத பையனின் வருகை 77 சதவீதம். விதியின்படி தப்பித்துவிட்டான்; செயலியில் பச்சை நிறத்தில்கூடத் தெரியலாம். ஆனால் 23 நாள் என்பது ஐந்து நாள் வாரக் கணக்கில் நான்கரை வாரம். ஒரு மாதம் அவன் பள்ளியிலேயே இல்லை. 77 என்று கேட்டவர் தலையாட்டிவிட்டுப் போவார். ஒரு மாதம் என்று கேட்டவர் உட்கார்ந்து பேசுவார்.

தாமதத்தையும் இப்படிச் சொல்லிக் காட்டலாம். தினமும் 20 நிமிடம் தாமதமாக வரும் பிள்ளை 200 நாளில் 4,000 நிமிடத்தை இழக்கிறது. ஆறு மணி நேரப் பள்ளி நாளாகக் கணக்கிட்டால் 11 முழு நாள். முதல் பாடவேளை பெரும்பாலும் ஒரே பாடமாக இருந்துவிட்டால், அந்த இழப்பு முழுவதும் அந்த ஒரு பாடத்தின் தலையில்தான் விழும்.

மதிப்பெண்ணில் வேறு விதமான குழப்பம். உங்கள் செயலியைத் திறந்து ஒரு பெற்றோரின் கண்ணோடு பாருங்கள். ஒரு பாடத்தில் மூன்று பயிற்சிகளில் 80, 75, 85. நாலாவதை ஒப்படைக்கவில்லை, பூஜ்ஜியம் விழுகிறது. 80 ஆக இருந்த சராசரி 60 ஆகிவிடும். வீட்டில் தெரிவது அந்த 60 மட்டும்தான். "புத்தியைப் படிப்பில் வை" என்று திட்டு, டியூஷன் தேடல், போன் பறிமுதல் எல்லாம் நடக்கும். பிள்ளைக்குப் பாடம் நன்றாகவே வரும்; ரெக்கார்டு நோட்டைக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். புரியாமல் குறைந்தது வேறு, கொடுக்காமல் குறைந்தது வேறு; இரண்டுக்கும் மருந்தும் வேறு. எது என்று ஆசிரியர் சொல்லாவிட்டால் வீட்டில் தெரிய வழியில்லை. இன்னொரு கூத்து, ஆசிரியர் இன்னும் மதிப்பெண் ஏற்றாத இடத்தைச் சில செயலிகள் பூஜ்ஜியமாகவே காட்டும். அதைப் பார்த்து ஒரு வீட்டில் இரவு முழுக்கச் சண்டை நடந்து, மறுநாள் காலை அந்த அம்மா என் அறை வாசலில் நின்றிருந்தார். மதிப்பெண் ஏற்ற வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்து, "வெள்ளிக்கிழமை மாலைக்குப் பிறகு பாருங்கள், அதற்கு முன் தெரிவது முழுமையானதல்ல" என்று பெற்றோருக்குச் சொல்லிவிடுங்கள். செயலியைத் திறக்கவே தெரியாத வீடுகளும் இருக்கும். கடவுச்சொல் ஒரு முறை மறந்துபோனால் அதோடு சரி. கடைசியாக யார் எப்போது உள்ளே வந்தார்கள் என்று பார்க்கும் வசதி பல செயலிகளில் உண்டு. அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

எப்படி எழுதுவது? ஒரே விஷயம், மூன்று வரி. என்ன நடந்தது, எதற்குள் சரிசெய்யலாம், வீட்டில் என்ன செய்யலாம். நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"வணக்கம், 11ஆம் வகுப்பு ஆசிரியை. உங்கள் மகள் இயற்பியல் ரெக்கார்டு நோட்டை இன்னும் கொடுக்கவில்லை. வெள்ளிக்கிழமைக்குள் கொடுத்தால் மதிப்பெண் குறையாது. இன்று இரவு அந்த நோட்டைக் காட்டச் சொல்லிப் பாருங்கள்."

"உங்கள் மகன் பொறுப்பில்லாமல் நடந்துகொள்கிறான்" என்று எழுதினால் படிப்பவருக்குச் செய்வதற்கு ஒன்றும் இல்லை, அடிப்பதைத் தவிர. "நன்றாகப் படிக்கிறாள், வாழ்த்துகள்" என்பது கேட்க இனிமையாக இருக்கும். அதையும் அவ்வப்போது அனுப்புங்கள், பள்ளியின் எண் திரையில் தெரிந்தாலே வயிற்றைக் கலக்கும் நிலை மாறும். ஆனால் வேலை செய்வது எதைச் சரிசெய்யலாம் என்று சொல்லும் வரிதான். இதையும் சோதித்திருக்கிறார்கள். தவறிய பாடத்தைக் கோடை வகுப்பில் மறுபடி படித்த உயர்நிலைப் பள்ளி மாணவர்களின் பெற்றோருக்கு ஆசிரியர்கள் வாரம் ஒருமுறை ஒரு சின்னச் செய்தி அனுப்பினார்கள். செய்தி போகாத வீடுகளில் தேறாமல் போனவர்கள் 15.8 சதவீதம், போன வீடுகளில் 9.3. பாராட்டைவிட, எங்கே முன்னேற வேண்டும் என்று சொன்ன செய்திக்கே பலன் அதிகம். 2015இல் வந்த முடிவு இது.

எழுதியதை அனுப்பும் முன் யாரிடமாவது வாசித்துக் காட்டுங்கள். எங்கள் அலுவலக உதவியாளருக்கும் அதே வயதில் ஒரு மகள். சுற்றறிக்கை எதுவானாலும் முதலில் அவரிடம்தான் வாசிப்பேன். ஒருமுறை, "மருத்துவக் காரணங்களுக்கான விடுப்பு உரிய சான்றுகளுடன் குறித்த காலத்திற்குள் சமர்ப்பிக்கப்படாத பட்சத்தில்…" என்று படித்துக்கொண்டே போனேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரிம்மா, இப்ப நான் என்ன செய்யணும்?" என்றார். கிழித்துப் போட்டுவிட்டு மறுபடி எழுதினேன்: "காய்ச்சலால் வரவில்லை என்றால், திரும்பி வந்த மூன்று நாளுக்குள் டாக்டர் சீட்டைக் கொடுங்கள். கொடுக்காவிட்டால் அது சாதாரண விடுப்பாகப் பதிவாகும்."

விதிகள் பற்றி நீங்கள் கேட்டதற்கும் பதில் கிட்டத்தட்ட இதுதான். ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு கையேடு கொடுத்துக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறோம். யாரும் படிப்பதில்லை, நானே என் பிள்ளைகளின் கையேட்டை முழுதாகப் படித்ததில்லை. தேர்வு எழுத முடியுமா என்பதைத் தீர்மானிக்கும் விதிகளை மட்டும் ஒரு பக்கத்தில் தனியாக எடுத்து எழுதுங்கள். எத்தனை நாள் வருகை வேண்டும், சான்று எதற்குள் தர வேண்டும், தாமதமாகத் தந்தால் எவ்வளவு குறையும், மறுதேர்வு உண்டா. மற்ற விதிகளை அவை தேவைப்படும் வாரத்தில் சொன்னால் போதும். மறுதேர்வு விதியைத் தேர்வு முடிவோடு சேர்த்துச் சொன்னால் படிப்பார்கள். ஆண்டின் முதல் வாரத்தில் சொன்னால் யார் நினைவில் வைத்திருக்கப்போகிறார்கள்?

சில வீடுகளில் எழுத்து உதவாது. படிக்கத் தெரியாதவர்கள், வேறு மொழி பேசுபவர்கள், இரவு வேலைக்குப் போகிறவர்கள். அங்கே போன் அல்லது குரல் செய்திதான். பிள்ளையையே மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொள்ள மட்டும் கூடாது. ஒரு கூட்டத்தில் நான் இரண்டு நிமிடம் கவலையோடு பேசியதை ஒரு பெண் தன் அம்மாவுக்கு மூன்றே சொல்லில் பெயர்த்தாள். அந்த அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு மகிழ்ச்சியோடு நன்றி சொன்னார். என்ன சொல்லியிருப்பாள் என்று உங்களுக்கே புரிந்திருக்கும். பிரிந்து வாழும் பெற்றோர் என்றால் யாருக்குச் சொல்லலாம், யாருக்குக் கூடாது என்பதை அலுவலகப் பதிவில் பார்த்துக்கொள்ளுங்கள். அனுமானத்தில் எதையும் செய்ய வேண்டாம்.

பிள்ளைகள் கேட்பதில் நியாயம் இருக்கிறது. பதினாறு, பதினேழு வயது. தலைக்கு மேலே நம்மைப் பற்றிப் பேசிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த வயதில் கதவை அடைத்துக்கொள்வார்கள். நான் வைத்திருந்த வழக்கம் ஒன்று. மதிப்பெண், ஒப்படைப்பு பற்றிய எதுவானாலும் வீட்டுக்குச் சொல்வதற்கு முன்னால் அந்தப் பிள்ளையிடம் சொல்லிவிடுவேன்: "நாளை மாலை உங்க வீட்டுக்குக் கூப்பிடப்போறேன். அதுக்குள்ள நீயே சொல்லிடு." பலர் சொல்லிவிடுவார்கள். மறுநாள் நான் கூப்பிடும்போது, "ஆமாம் டீச்சர், நேத்தே சொன்னான்" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும் குரலில் பாதிக் கோபம் தணிந்திருக்கும். அந்த ஒரு நாள் அவகாசத்தில் ரெக்கார்டு நோட்டை எழுதி முடித்துக்கொண்டு வந்து நிற்பவர்களும் உண்டு. அப்போதும் கூப்பிட்டு, கொடுத்துவிட்டாள் என்று சொல்வேன்.

இதற்கு இரண்டு விலக்குகள். வீட்டிலிருந்து கிளம்பிய பிள்ளை பள்ளிக்கு வந்து சேரவில்லை என்றால் அவகாசம் கிடையாது. முதல் பாடவேளை முடிவதற்குள் வீட்டுக்குத் தெரிய வேண்டும். அது பாதுகாப்பு சம்பந்தப்பட்டது. இரண்டாவது இதற்கு நேர் எதிர். சில பிள்ளைகளிடம் "வீட்டுக்குச் சொல்லப்போகிறேன்" என்றதும் முகம் வெளிறிப்போகும். திட்டு விழும் என்ற சாதாரண பயத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் கொஞ்ச நாளில் உங்கள் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அப்படித் தெரிந்தால் வெறும் மதிப்பெண்ணைச் செய்தியாக அனுப்பாதீர்கள். பள்ளி ஆலோசகரையும் தலைமையாசிரியரையும் வைத்துக்கொண்டு, பெற்றோரை நேரில் வரவழைத்துப் பேசுங்கள். ஒரு மதிப்பெண் தகவலுக்காக ஒரு பிள்ளை அடிவாங்கினால் அதில் நமக்கும் பங்கு உண்டு. ரேங்க் கார்டில் அப்பாவின் கையெழுத்தை அப்பாவைவிட அழகாகப் போட்டுக்கொண்டு வந்த ஒருவனை நான் அன்று சிரித்துக்கொண்டே மாட்டிவிட்டேன். மறுநாள் அவன் முழுக்கை சட்டை போட்டுக்கொண்டு வந்தான். இன்றுவரை அது எனக்கு உறுத்தல்.

42 பேர், பாடம் எடுக்கும் வேலை வேறு, இதற்கெல்லாம் நேரம் எங்கே என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் எல்லாம் வேண்டாம். ஒரு நாளைக்கு ஐந்து வீடு, வீட்டுக்கு இரண்டு நிமிடம், மொத்தம் பத்து நிமிடம். ஒன்பது வேலைநாளில் வகுப்பு முழுவதும் ஒரு சுற்று வந்துவிடும். பட்டியலின் மேலே மூன்று நாளுக்கு மேல் வராதவர்களையும் ஒப்படைக்காதவர்களையும் வையுங்கள். மாலை இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை கூப்பிடலாம் என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் போனை எடுக்காதீர்கள். இரவு பத்து மணிக்கு ஒருமுறை எடுத்துப் பேசிவிட்டால் ஆண்டு முழுக்கப் பத்து மணிக்குத்தான் கூப்பிடுவார்கள்.

பெற்றோர் கூட்டத்துக்கும் ஒரே ஒரு நிபந்தனை வைத்துக்கொள்ளுங்கள்: தன் பிள்ளையைப் பற்றிய கெட்ட செய்தியை எந்தப் பெற்றோரும் அங்கே முதல்முறையாகக் கேட்கக் கூடாது. மற்றவர்கள் வரிசையில் நிற்க, முன்பின் தெரியாத பத்துப் பேர் காதில் விழ, "23 நாள்" என்று கேட்டால் யாருக்குத்தான் கோபம் வராது? அவர் கோபத்தில் பாதி அவமானம்.

அந்த அப்பாவுக்கு இந்த வாரமே கூப்பிடுங்கள். பதிவில் இருப்பது அவர் எண்தானா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். இல்லை என்றால் கூட்டத்தில் நடந்ததற்கான காரணம் உங்களுக்கே விளங்கிவிடும். பையனிடம் முந்தின நாள் சொல்லிவிடுங்கள். வருகைப் பதிவேட்டை எடுத்து அந்த 23 நாளும் எந்தெந்தக் கிழமை என்று எண்ணிப் பாருங்கள். திங்கட்கிழமைகளாகவே இருக்கலாம், ஒரு குறிப்பிட்ட பாடத்தின் தேர்வு நாள்களாக இருக்கலாம், தொடர்ச்சியாக இரண்டு வாரமாக இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு. பிறகு இப்படிப் பேசலாம்: "அன்றைக்கு எல்லோர் முன்னாலும் சொல்லும்படி ஆகிவிட்டது, அது என் தவறு. தம்பி வராத நாள்களில் பாதிக்கு மேல் திங்கட்கிழமை. வீட்டில் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி எப்படி இருக்கான்? நம்ம கணக்குப்படி ஆண்டு முடிவுக்குள்ள இன்னும் 27 நாளுக்கு மேல விட்டா தேர்வு எழுத முடியாது. திங்கட்கிழமை காலையில் அவன் வந்ததும் நானே உங்களுக்குச் சொல்றேன்."

அதன்படி திங்கட்கிழமை முதல் மணி அடித்ததும் ஒரே வரி: "வந்துவிட்டான்."